விண்டோஸ் 10-ஐ விடுவதா, வைத்திருப்பதா: கொழிஞ்சாம்பாறை டிடிபி கடைக்காரருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறையில் டிடிபி வேலையும் ஆன்லைன் சேவையும் சேர்த்து நடத்துகிற கடை. மூன்று மெஷின்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஓடுகிற டெஸ்க்டாப் ஐ3 நான்காம் தலைமுறை, அதோடு கேனான் எல்பிபி 2900 பிரின்டர். விரல் ரேகைக் கருவியும் கணக்கு எழுதும் டாலியும் இருக்கிற கவுன்ட்டர் மெஷின் ஐ3 ஆறாம் தலைமுறை. லேப்டாப் ஐ5 எட்டாம் தலைமுறை. மூன்றிலும் விண்டோஸ் 10. சப்போர்ட் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு திரையில் வந்துகொண்டே இருக்கிறது. சர்வீஸ் பார்ப்பவர் மூன்றையும் மாற்றச் சொல்கிறார். பள்ளியில் படிக்கிற மகள், "எங்க லேப்ல லினக்ஸ்தான்பா, காசே வேண்டாம், அதையே போடுங்க" என்கிறாள். விண்டோஸ் 11-க்குப் போவதா, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறுவதா, இப்படியே ஓட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "பன்னிரண்டு வருஷத்துப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அந்த டெஸ்க்டாப்லதான் இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கவலை அதுதான் என்று எனக்குப் படுகிறது. கடை நிற்கக் கூடாது, பழைய வேலை தொலையக் கூடாது, செலவு கையைக் கடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இருபது வருஷத்துக்கு மேலாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். வேலந்தாவளம் முதல் கோவிந்தாபுரம் வரை, தமிழும் மலையாளமும் ஒரே மேசையில் அடிக்கிற கடைகள்தான் என் வாடிக்கை. உங்கள் மெஷின்களை நான் திறந்து பார்க்கவில்லை. ஆகவே மதர்போர்டு, பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற அடிப்படை நிரல்) பற்றி நான் சொல்வது அந்தத் தலைமுறை மெஷின்களில் வழக்கமாகப் பார்த்ததை வைத்துத்தான். அந்த இடங்களில் நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதற்குப் பிறகும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, அப்டேட் வாங்க வீட்டுப் பயனருக்கென்று ஒரு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை, இல்லையென்றால் 30 டாலர் அளவுக்கு ஒருமுறை கட்டணம். நிறுவனங்களுக்கு வேறு கணக்கு: ஒரு மெஷினுக்கு முதல் வருஷம் 61 டாலர், பிறகு வருஷா வருஷம் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று வருஷம். கடை என்று பார்த்தால் நீங்கள் இரண்டாவது வகையில்தான் வருவீர்கள் என்பது என் வாசிப்பு. இதை மறைக்காமல் சொல்வது என் கடமை.

இன்னொன்றும் உறுதி. ஓ.எஸ்.ஸுக்கு, அதாவது மெஷினை இயக்குகிற விண்டோஸ் போன்ற மென்பொருளுக்கு, அப்டேட் நின்ற நாளிலேயே மெஷின் உதவாமல் போவதில்லை, பிரௌசர் கைவிடும்போதுதான் போகிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் சப்போர்ட் முடிந்தது. ஆனாலும் கடைகளில் அது மூன்று வருஷம் ஓடியது. 2023 தொடக்கத்தில் வந்த குரோம் 109-தான் அதில் ஓடிய கடைசிக் குரோம். அதன் பிறகுதான் பேங்க் தளமும் அரசுத் தளமும் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்க ஆரம்பித்தன. விண்டோஸ் 10-ஐப் பொறுத்தவரை எட்ஜ் பிரௌசருக்கும், அதோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரின் வைரஸ் பட்டியலுக்கும் 2028 அக்டோபர் வரை அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே "நாளைக்கே மாற்று" என்ற அவசரம் உங்களுக்கு இல்லை. அந்த அவசரத்தை யார் உண்டாக்கினாலும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

அதற்காக இப்படியே விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. 2017 மே மாதம் வந்த வன்னாக்ரை நினைவிருக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். அப்டேட் நின்ற மெஷினில் அந்த மாதிரி ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் இல்லை. டிஃபென்டர் இருக்கிறதே என்றால், அது வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. சுவரில் ஓட்டை விழுந்தால் அவனால் என்ன செய்ய முடியும்? உங்கள் கவுன்ட்டரில் மற்றவர்களின் ஆதார் எண்ணும் பேங்க் விவரமும் போய்வருகின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த மேசையைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறேன்.

இங்கேதான் என் முக்கியமான ஆலோசனை வருகிறது. மூன்று மெஷினுக்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். எந்த ஓ.எஸ். நல்லது என்று பேசிக்கொண்டே இருந்தால் விடிந்துவிடும். ஒவ்வொரு மெஷினிலும் என்னென்ன மாட்டியிருக்கிறது, எந்த வேலைக்கு அது இல்லாமல் ஆகாது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிரின்டர், ரேகைக் கருவி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், டாலி, பேஜ்மேக்கர், எழுத்துரு என்று எழுதி முடித்தால் பாதி முடிவு அந்தத் தாளிலேயே இருக்கும்.

லேப்டாப்பை முதலில் எடுப்போம், அது சுலபம். எட்டாம் தலைமுறை இன்டெல் விண்டோஸ் 11-க்கு ஏற்றது என்று மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் "இந்த மெஷினில் ஓடாது" என்று வருகிறதென்றால், பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெல் மெஷினில் அதற்கு பிடிடி என்று பெயர், ஆன் செய்தால் போதும். அல்லது விண்டோஸை யாரோ பழைய லெகஸி முறையில் போட்டிருப்பார்கள். அப்படியானால் டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றி, பயாஸை யூஇஎஃப்ஐ-க்குத் திருப்ப வேண்டும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது, கோப்புகளை அழிக்காமல் செய்கிறது. ஆனாலும் பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள். லேப்டாப்போடு வந்த அசல் விண்டோஸ் என்றால் 11-க்குத் தனிக் காசு இல்லை. காசு கொடுக்காமல் ஆக்டிவேட்டர் என்ற திருட்டு நிரல் போட்டு ஓட்டுகிற விண்டோஸ் என்றால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே அதை ஒழித்துவிடுங்கள். வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு உள்ளே வருகிற ஒரு நிரலை, மக்கள் பேங்க் விவரம் தருகிற மெஷினில் வைத்திருக்கக் கூடாது.

11-க்குப் போகும்போது ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். போன வருஷம் ஒரு டீச்சரம்மா லேப்டாப்பைக் கொண்டுவந்தார். ஆன் செய்தால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கிறது. விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், இப்போதைய பதிப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. அவருக்கு நிறுவிக் கொடுத்தவர் தன் வேலைக்காக ஏதோ ஒரு ஈமெயிலை அந்த நேரத்துக்கு உருவாக்கிப் போட்டிருக்கிறார். அது என்ன ஈமெயில் என்று நிறுவியவருக்கே நினைவில்லை. ஆறு வருஷத்துக் கேள்வித்தாள்களும் டீச்சரம்மாவின் அப்பாவின் புகைப்படங்களும் போயின. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் என்னால் ஒரு கோப்பைக்கூட எடுக்க முடியவில்லை. ஆகவே யார் நிறுவினாலும் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் அச்சடித்து, கடை லைசென்ஸ் இருக்கிற ஃபைலில் வையுங்கள்.

லேப்டாப் 11-க்கு வந்ததும் ரேகைக் கருவி, பேங்க் வேலை, சிக்னேச்சர் டோக்கன் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள். ரேகைக் கருவியை ஆதார் சரிபார்ப்போடு இணைக்கிற ஆர்டி சர்வீஸ் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் கிடைக்கிறது. டாலியும் விண்டோஸ்தான். இந்த வேலைகளுக்கு லினக்ஸைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆறாம் தலைமுறை மெஷின் 11-க்கான பட்டியலில் இல்லை. ரூஃபஸ் போன்ற கருவியால் அந்தச் சோதனையைத் தாண்டி 11-ஐப் போடலாம், நானே போட்டுப் பார்த்திருக்கிறேன், ஓடுகிறது. ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. இதுவரை மாதாந்தர அப்டேட்டுகள் வந்தன, நாளை வருமா என்பதற்கு நான் ஜாமீன் நிற்க மாட்டேன். வீட்டு மெஷின் என்றால் பரவாயில்லை என்பேன், கடைக்கு வேண்டாம். இந்த மெஷினில் முதலில் செய்ய வேண்டியது ஓ.எஸ். மாற்றம் அல்ல. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். "மெஷின் கிழடாகிவிட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலேயே சரியாயின. மகள் சொன்ன லினக்ஸுக்குச் சரியான இடமும் இந்த மெஷின்தான்.

அவள் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பழகின விஷயம். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில். ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தயாரித்த ஓ.எஸ்.ஸைத்தான் கேரளப் பள்ளிகளுக்குத் தருகிறது. படம், ஆவணம், கணிதம் இவற்றுக்கான ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரெஆபிஸ், ஜியோஜீப்ரா எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளையும் அதே லேபில்தான் உட்காருகிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கடைக்காரருக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்க ஆள் தேட வேண்டும், உங்களுக்கு வீட்டிலேயே இருக்கிறார்.

லினக்ஸில் பல வகை உண்டு, கடைக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, விண்டோஸ் பழகிய கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபார்ம் நிரப்புவது, பிடிஎஃப், ஸ்கேன், ஈமெயில், யூனிகோடில் (எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரிகிற பொது எழுத்துக் குறியீட்டில்) கடிதம் அடிப்பது எல்லாம் தடையில்லாமல் நடக்கும். தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் ஐபஸ் எம்17என் தொகுப்பில் கிடைக்கும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. பிரின்டர் மட்டும் கவனம். எப்சன் எல் வரிசை மை டேங்க் பிரின்டர்களுக்கு டிரைவர் சுலபமாகக் கிடைக்கும். டாட் மேட்ரிக்ஸும் பெரும்பாலும் ஓடிவிடும். உங்கள் கேனான் 2900 கேப்ட் என்ற தனி மொழியில் பேசுவது, லினக்ஸின் பொதுவான டிரைவர்களுக்கு அது புரியாது. ஓட வைக்க வழி இருக்கிறது, ஆனால் கஸ்டமர் நிற்கும்போது செய்கிற வேலை அல்ல. அந்தப் பிரின்டரை விண்டோஸோடு விட்டுவிடுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கு சப்போர்ட் முடிந்தது. எனக்கு அப்போது லினக்ஸ் மேல் அவ்வளவு பிரியம். இங்கே பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் மூன்று மெஷினிலும் ஒரே இரவில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பிரின்டர் வரவில்லை. பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றும் திறக்கவில்லை. முகூர்த்த மாதம் வேறு. நான்கு கல்யாண வீட்டார் பத்திரிகைக்கு நின்றார்கள். அவர் என்னைத் திட்டவில்லை, "தம்பி, எப்படியாவது பழையபடி பண்ணிக் குடுப்பா" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். லினக்ஸ் மேல் தப்பில்லை, மெஷினில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேட்காமல் போட்ட என் மேல்தான் தப்பு. அன்றிலிருந்து முதலில் தாளில் எழுதச் சொல்கிறேன்.

இனி அந்தப் பழைய டெஸ்க்டாப். அதில் விண்டோஸ் 10 அப்படியே இருக்கட்டும். நெட் கேபிளை மட்டும் கழற்றிவிடுங்கள், வைஃபை இருந்தால் அணைத்துவிடுங்கள். பேஜ்மேக்கர், அந்தப் பிரின்டர், பழைய கோப்புகள், இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அதை நம்பிக் காலம் முழுக்க உட்கார முடியாது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அதற்குப் பிறகு புதுப் பதிப்பே இல்லை, யூனிகோடும் அதற்குத் தெரியாது. உங்கள் பன்னிரண்டு வருஷத்து உழைப்புக்கு ஆபத்து விண்டோஸ் 10 முடிந்ததால் வரவில்லை. அது பழைய எழுத்துருவில் சிக்கியிருக்கிறது, ஆபத்து அங்கேதான். பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட வேஷம். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். மலையாளத்தில் எம்எல் டிடி கார்த்திகா, ரேவதி எழுத்துருக்களில் அடித்தவையும் அப்படித்தான்.

தமிழுக்கு என்எச்எம் கன்வெர்ட்டர், மலையாளத்துக்கு ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் பய்யன்ஸ் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் கண்ணால் ஒருமுறை படித்தே ஆக வேண்டும். பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம். யூனிகோடில் எழுத்துதான் முதலில், கொம்பு பிறகு. மாற்றி அந்த வரிசையைத் திருப்புகிறபோது ஒகரத்திலும் ஔகாரத்திலும் சறுக்கும். ஔகாரத்தின் பின்பாதி ளகரம் மாதிரியே இருப்பதால் 'கௌரி' 'கெளரி' ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. கோயில் திருவிழா நோட்டீஸ், சங்க அறிக்கை, வருஷா வருஷம் திரும்ப வருகிறவை, இவை முதலில். போன வருஷக் கல்யாணப் பத்திரிகை எதற்கு? ஆனால் ஊர்க் கோயில் நோட்டீஸ்களை விட்டுவிடாதீர்கள். இந்த எல்லைப் பக்கத்தில் எந்தத் தறவாட்டார், எந்தக் குலத்தார் எந்த நாள் மண்டகப்படி எடுத்தார்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் சேர்த்து எழுதி வைத்திருக்கிற ஏடு பல ஊர்களில் டிடிபி கடையின் ஹார்ட் டிஸ்க் மட்டும்தான்.

புது வேலைகளை இன்றிலிருந்தே யூனிகோடில் தொடங்குங்கள். பக்கம் வடிவமைக்கும் இலவச நிரலான ஸ்கிரைபஸ் 1.6-இல் தமிழும் மலையாளமும் ஒழுங்காக வருகின்றன, சாதாரண நோட்டீஸுக்கு லிப்ரெஆபிஸ் ரைட்டரே போதும். மீரா, ரசனா, மஞ்சரி போன்ற நல்ல மலையாள எழுத்துருக்கள் இலவசம், தமிழுக்கு நோட்டோ குடும்பம் இருக்கிறது. லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் அதோடு வரும் லதாவோ கார்த்திகாவோ (முன்பு சொன்ன எம்எல் டிடி கார்த்திகா வேறு) காணவில்லை என்றால் பதற வேண்டாம். செட்டிங்ஸில் விருப்ப வசதிகள் பகுதியில் தமிழ், மலையாள துணை எழுத்துருக்கள் என்று தனித்தனியாக இருக்கும், சேர்த்துக்கொள்ளலாம்.

வரிசை இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் டெஸ்க்டாப்பின் கோப்புகளையும், ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும், பேஜ்மேக்கர் நிறுவும் சிடியையும் நகல் எடுங்கள். இன்னொரு நகல் கடையில் இல்லாமல் வீட்டில் இருக்கட்டும். அடுத்த வாரம் லேப்டாப். அது பத்து நாள் ஒழுங்காக ஓடிய பிறகு, பேங்க் வேலையை அதற்கு மாற்றுங்கள். அதன் பிறகு கவுன்ட்டர் மெஷினுக்கு எஸ்எஸ்டி போட்டு, பழைய டிஸ்க்கை அழிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, புது டிஸ்க்கில் மின்ட் போடுங்கள். டாலியின் தரவு லேப்டாப்பில் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இந்தக் கடைசிப் படி. ஏதாவது சரிப்படவில்லை என்றால் பழைய டிஸ்க்கை மாட்டினால் கடை அரை மணி நேரத்தில் பழையபடி. இவ்வளவுக்கும் புதிதாக வாங்க வேண்டியது ஒரு எஸ்எஸ்டி, ஒரு வெளி டிஸ்க், தேவைப்பட்டால் கொஞ்சம் ரேம்.

ஒரே ஒரு தகவல் எனக்கு வேண்டும். பேஜ்மேக்கரில் ஒரு பழைய நோட்டீஸைத் திறந்து, தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் வருகிறது? மலையாள வரிக்கும் பார்த்து எழுதுங்கள். எந்த மாற்றி பொருந்தும், எங்கே சறுக்கும் என்று அந்தப் பெயரை வைத்துச் சொல்கிறேன்.